ஊசுடு ஏரிக் களிமண்

செலினின் ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நான். கை தவறி அல்ல, தெரிந்தே கெடுத்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

காரணத்தைக் கேட்டால் நீங்கள் இரக்கப்படக்கூடும்... வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு முடிவு கட்டுங்கள்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு. எங்கோ நடுக்கடலில் வெடித்துப் பார்க்கும் அணுகுண்டுகளின் தூசி நம் ஊர் மழையிலும் இறங்குகிறது என்று பத்திரிகைகள் எழுதிய காலம். அந்தத் தூசியில் ஸ்ட்ரான்ஷியம் என்றொரு கதிரியக்கப் பொருள் உண்டு. மழையோடு விழுந்தபின் அது மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளுமா, இறங்கிக் கிணற்று நீரில் கலக்குமா? புதுச்சேரியில் நான் உதவியாளனாக இருந்த ஆய்வுக்கூடத்தில் செலின் எடுத்துக்கொண்ட கேள்வி அது.

அவள் தந்தை பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்ற தமிழர். ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியபின் இங்கே இனி என்ன இருக்கிறது என்று பிரான்சுக்குக் கிளம்பக் காத்திருந்தவர். என் தந்தை முதலியார்பேட்டை மில்லில் தறி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்.

எதைச் செய்தாலும் செலின் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு என்ன தோணுது, முசே?” என்பாள்; பிரெஞ்சில் ‘ஐயா’. எனக்கு என்ன தோன்றுகிறது என்று அதுவரை யார் கேட்டார்கள்? அந்த ஒரு கேள்விக்காகவே காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பேன்.

கண்ணாடிக் குழாய் ஊதித் தரும் காதர் பாய்க்கு மட்டும் என் நிலைமை தெரியும்.

“என்னா தம்பி, குழாயப் பாக்கச் சொன்னா எங்கயோ பாக்குற?”

“குழாயத்தான் பாக்கறேன், பாய்.”

“பாரு, பாரு. குழாய் ஒடஞ்சா நான் வேற ஊதித் தருவேன். மத்ததுக்கு எங்கிட்ட வராத.”

ஊசுடு ஏரியிலிருந்து களிமண்ணைச் சைக்கிளில் கொண்டுவருவேன். உலர்த்தி, பொடித்து, மணலோடு கலந்து குழாயில் அடைப்போம். உச்சியில் துளி ஸ்ட்ரான்ஷியம். அப்புறம் மழைக்குப் பதிலாகப் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். களிமண் அதைக் கீழே விடாது என்பது செலினின் நம்பிக்கை. அப்படியானால் கதிரை எண்ணும் கருவி குழாயின் உச்சியில் மட்டும் படபடக்க வேண்டும். கீழே அடங்கிவிட வேண்டும்.

ஒருநாள் மண்ணை இடித்துக்கொண்டே, “இது முடிஞ்சா எனக்கு இங்க வேலை முடிஞ்சிது. அப்பா பிரான்ஸ்ல, துலோன்ல வீடு பாத்துட்டார்” என்றாள்.

முடிந்தால்தானே?

மதியத்தில் நம் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். ஆய்வுக்கூடத்தின் சாவி என்னிடம் இருந்தது. தண்ணீர்ப் புட்டியை இறக்கிவிட்டு, கால்சியம் உப்பைக் கரைத்த இன்னொரு புட்டியை மாட்டினேன். பார்வைக்குத் தண்ணீர்தான். ஆனால் கால்சியம் பெருகி வந்தால் களிமண் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரான்ஷியத்தை விட்டுவிடும். செலினோடு பேசிப் பேசிக் கற்ற வேதியியலை இதற்குத்தான் பயன்படுத்தினேன்.

அவள் வருவதற்குள் பழைய புட்டியை மாட்டிவிட்டேன். கருவியை வைத்தாள். குழாயின் அடிமுனையில் படபடத்தது.

“அடைக்கிறப்போ நான்தான் எங்கயோ விட்டுட்டேன்” என்றாள்.

“இன்னொரு தடவ செய்யலாம், மத்மசெல்.”

எனக்கு மேலும் சில வாரங்கள் கிடைத்தன... சொல்லக் கூசுகிறது, என் வாழ்வில் அவ்வளவு நிறைவான நாட்கள் வேறில்லை. களிமண் எடுக்க அவளும் ஏரிக்கு வந்தாள். கை முழுக்கச் சேற்றோடு கரையில் உட்கார்ந்து, என் தாய் கட்டிக்கொடுத்த மொச்சைக் குழம்புச் சோற்றை உருட்டித் தரச் சொல்லி உண்டாள். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் முறையும் புட்டியை மாற்றினேன்.

அன்றும் கருவி அடிமுனையில்தான் படபடத்தது. “நீங்க ஒருத்தர்தான் இன்னும் என்னை நம்புறீங்க” என்றாள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? தலையை ஆட்டினேன்.

கை பழகாதவர்களுக்கு இது சரிவராது என்று ஆய்வுக்கூடத்தை நடத்திய பேராசிரியர் வேலையை நிறுத்திவிட்டார்.

அவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில், ரயிலடியில் அவள் தந்தை பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது செலின் என்னருகே வந்தாள்.

“மொதல் தடவ தப்பானதும் நானே பேராசிரியர்கிட்ட போய்ப் பேசினேன். அடுத்தது சரியா வந்தா ரெண்டு வருஷம் வேலை தர்றேன்னார், ஊர் ஊரா மண்ணெடுத்துப் பாக்க. அப்பாவும் இங்கயே அத்தைகூட இருந்துக்கோன்னார். முடிவு வந்தப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நீங்களும் கூட இருப்பீங்கன்னு...”

அவள் முடிக்கவில்லை. அந்த அடுத்த முறையைத்தான் நான் கெடுத்திருந்தேன்.

“நீங்க ஒரு தடவ செஞ்சு பாருங்க, முசே. உங்க கைக்கு வரும். வந்தா எழுதுங்க.” விலாசத்தைக் கொடுத்தாள்.

செய்தேன். மதியத்தில் சாவியைக் காதர் பாயிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்... என்னையே எனக்கு நம்ப முடியவில்லை. கடைசியில் கருவியை வைத்தபோது உச்சியில் ஒரு விரல்கடை மட்டும் படபடத்தது. அதற்குக் கீழே ஓசையில்லை. அவள் சொன்னதுதான் சரி. முதலிலிருந்தே சரி.

எழுதவில்லை.

சரியாக வந்தது என்று மட்டும் எழுதினால், என் கையைவிட அவள் கை மட்டம் என்றாகிவிடும். உண்மையை எழுதினால்... தன்னை நம்பிய ஒருவன் என்று அவள் எண்ணியிருப்பவனும் இல்லாமல் போவான். அவள் எங்கோ ஓரிடத்தில் என்னை நல்லபடியாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசை, இத்தனைக்குப் பிறகும் எனக்கு!

நான்கு ஆண்டுகள் ஆயின. துலோனில் அவள் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். ஆய்வுக்கூடம் பக்கமே போவதில்லையாம். காதர் பாய் யாரிடமோ விசாரித்து வந்து சொன்னார்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு பொழுது போதுமாக இருந்தது. நீங்கள் யாரோ, அதனால் சொல்ல முடிந்தது. அவளோ இன்றும் கடை திறந்து, ஆராய்ச்சி தனக்குக் கை வராத வேலை என்றே நம்பியபடி, துணி மடித்துக்கொண்டிருப்பாள்.