நிலாணியின் கைப்பட்டி

பஸ்ரியனும் நானும் மோர்னிங்சைட்டிலிருந்து பிறம்ரனில் இருக்கிற சாமான் வெயாஹவுசுக்கு ஒரே காரில் போய் வருகிறவர்கள். விடிய ஐந்து மணி ஷிப்ட். வழியில் வாயே திறக்காத மனிதன், இந்த வருடம் சித்திரையிலிருந்து அலாஸ்கா, அலாஸ்கா என்று என் காது புளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுடைய மனைவி நிரூபா இறந்து இரண்டு வருடம். மகள் நிலாணிக்கு நாலு வயது. விடியப்புறம் வேலைக்குப் போகிறவன் பிள்ளையை யாரிடம் விடுவது? யூனியன்வில்லில் நிரூபாவின் அக்கா சுபாங்கி இருக்கிறா. கிழமை நாட்களில் அங்கே, சனி ஞாயிறு இவனிடம் என்றுதான் தொடங்கியது. பிறகு நீச்சல் வகுப்பு, பிறந்தநாள் பார்ட்டி என்று சனியும் கைவிட்டுப் போனது. ஆடியில் சுபாங்கியின் ஆட்கள் பதின்மூன்று பேர் அலாஸ்காவுக்கு உல்லாசக் கப்பலில் போக இருந்தார்கள்; சித்திரையிலேயே இவனையும் கூப்பிட்டுவிட்டார்கள். ஏழு நாள் மகளோடு ஒரே அறையில் இருந்தால் அவள் திரும்பவும் தன்னோடு ஒட்டிக்கொள்வாள் என்று நம்பினான். எனக்கு அப்போதே அது நல்லதாகப் படவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

கப்பலில் இவனுக்குக் கிடைத்தது சுபாங்கியின் சின்னமாமா விநாயகமூர்த்தியோடு ஓர் அறையும் அவருடைய குறட்டையும். நிலாணி சுபாங்கியின் அறையில். முதல்நாள் பாதுகாப்புப் பயிற்சியில் பிள்ளைகளின் கையில் ஒரு பட்டி கட்டினார்கள். ஆபத்தென்றால் பிள்ளையை எந்த இடத்தில் ஒப்படைப்பது என்று அதில் இருக்கும். இவனுடைய இடம் ஏ. அவளுடைய பட்டியில் சுபாங்கியின் இடமான டி. சாப்பாட்டு மேசையில் வைத்து, அதை மாற்றலாமா என்று சுபாங்கியிடம் கேட்டிருக்கிறான்.

"மாத்தலாம் பஸ்ரியன். ஆனா உங்களுக்கு நித்திரை எண்டால் இடி விழுந்தாலும் கேக்காது. கப்பல் கடலுக்கை தாண்டு போனால் பிள்ளையை ஆர் தூக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சேர்ந்து சிரித்தானாம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் நாள் பனிமலைக்குக் கிட்டப் போனார்கள். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேல்தட்டில் முன்னுக்கு நின்றான். பனியில் ஒரு துண்டு உடைந்து இடிபோலக் கடலில் விழுந்தது. பிள்ளை வீரிட்டு அழுதது. அப்பா இருக்கிறன், அப்பா இருக்கிறன் என்று அணைத்துப் பார்த்திருக்கிறான். அவள் திமிறி இறங்கி, பக்கத்தில் நின்ற கப்பல் பணிப்பெண்ணிடம் ஓடினாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டிப் பட்டியைக் காட்டினாள். அந்தப் பெண் வாசித்துவிட்டு அவளை டி இடத்துக்கு, சுபாங்கியின் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான்தான் தகப்பன் என்று சொல்ல இவன் வாயெடுத்தானாம். அதற்குள் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

ஆவணிக் கடைசியில், யூனியன்வில் விலாசம் போட்ட, நிலாணியின் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றைக் காருக்குள் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தான். அவசரமென்றால் முதலில் யாரை அழைப்பது என்று ஒரு கட்டம். உன்னுடைய பெயரை எழுது என்று அதட்டினேன்.

"அவள் ஆரிட்டை ஓடுவாள் எண்டு நான் கண்டனான், அண்ணை."

சுபாங்கியின் பெயரை எழுதினான். பிறகு, இரண்டாவது கட்டத்தில் தன்னுடைய பெயரைப் போடலாமா என்று என்னிடம் கேட்டான்.