நெஞ்சுக்குள் நின்ற காற்று

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆறடி உயரம், ஐம்பத்தைந்து கிலோ எடை. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை. கூட வேலை செய்யும் நண்பனும் நானும் பக்கத்து ஊரான லகாட்டில் வாடகை வீட்டில் தங்கியிருந்தோம்.

ஒரு ஞாயிறு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது பக்க நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. மூச்சை இழுத்தால் இன்னும் அதிகமாகக் குத்தியது.

"காத்து பிடிச்சிருக்கு மச்சான். ராத்திரி அவ்வளவு நாசி லெமாக் சோறு தின்னா இப்படித்தான்லா," என்று நண்பன் முதுகில் தைலம் தேய்த்தான். வலி போகவில்லை. வாசல் வரை நடந்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. அதைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"வா, ஆஸ்பித்திரிக்குப் போலாம்."

அவசரப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர் இருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்.

"இடது பக்கம் நல்லா கேக்குது. வலது பக்கம் சத்தமே காணோம். சிகரெட் பிடிப்பீங்களா தம்பி?"

ஆமென்று தலையாட்டினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரல் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது.

"நுரையீரல் மேல சின்னக் கொப்புளம் ஒன்னு உடைஞ்சிருக்கு. கசிஞ்ச காத்து வெளிய போக வழியில்லாம நெஞ்சுக்குள்ள நிக்குது. உயரமா ஒல்லியா இருக்கிறவங்களுக்கு இது வரும்," என்றார் டாக்டர்.

"நான் அப்பவே காத்துன்னு சொன்னேன்ல!" என்றான் நண்பன். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் செருகினார்கள். அதன் மறுமுனை தரையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் போனது. நான் இருமும்போதெல்லாம் அதில் குமிழிகள் கிளம்பின. கொஞ்ச நேரத்திலேயே மூச்சு எளிதாக வந்தது. கழிவறைக்குப் போனாலும் பாட்டிலைக் கையில் தொங்கவிட்டபடிதான் போக வேண்டும். நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது. பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் மலாயில், "மீன் எங்கே?" என்று கேட்பார்.

மூன்றாம் நாள் குமிழிகள் நின்றன. மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது. குழாயை எடுத்துவிட்டு டாக்டர் எச்சரித்தார்: சிகரெட் கூடாது, மறுபடி குத்தினால் உடனே வர வேண்டும், அவர் சொல்லும்வரை விமானம் ஏறக் கூடாது, கடலுக்கடியில் முக்குளிக்கவே கூடாது. முக்குளிப்பதா? எனக்கு நீச்சலே தெரியாது. சிகரெட்டை மட்டும் அன்றோடு விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடையில் வேலை செய்யும் மற்ற எல்லாரும் விமானத்தில் லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போனார்கள். என்னைத் தனியாக விட மனமில்லாமல் நண்பன் கோலப்பெர்லிஸ் படகுத்துறை வரை காரோட்டி வந்தான். அங்கிருந்து படகு. நடுக்கடலில் அவனுக்குக் குமட்டத் தொடங்கியது. பிளாஸ்டிக் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை நான் பறந்துதான் வருவேன்லா," என்று முனகினான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி உப்புக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.