சிமெண்டு மூட்டைக் காவல்

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. ஐந்தாவதோடு நான் படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். வகுப்பறை ஓடு தலையில் விழுந்துவிடும் என்று தினமும் நான் அழுததும் அதில் ஒன்று. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது கட்டட வேலை.

ஆந்திராவில் வரதய்யபாளையம் பக்கம் எங்கள் ஊர். கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். வீட்டுக்காரர் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் மகளும் திருச்சானூருக்கு வந்தோம். சாமி பார்க்க வருகிறவர்களுக்குத் தங்க இடம் போதாமல் அங்கே லாட்ஜுக்குப் பக்கத்தில் லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் எடுத்திருந்த லாட்ஜ் வேலையில் நான் சித்தாள்.

சித்தாள்களுக்கென்று ஒரு கொட்டகை. மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் சைட்டின் பின்பக்க மதில். ஒரு பக்கத்துத் தகரம் மிச்சம். மதிலுக்கு அந்தப் பக்கம், கடைக்கால் தோண்டிய மண்ணை மலையாகக் குவித்திருந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் மண் ஊறி மதிலைத் தள்ள ஆரம்பித்தது. மதில் வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி முன்னால் வந்தது. அதன் கீழேதான் என் மகள் பாயில் தூங்குவாள்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "செவுரு வயிறு தள்ளிக்கினு கீது மேஸ்திரி. கொட்டாய அந்தாண்ட மாத்திக் குடு."

"உனுக்கு எல்லாமே உழுந்துக்கினுதான் கீது. போன வாரம் சாரம் உழும்னே. அதுக்கு முன்ன லிப்ட் குழில பாப்பா உழும்னே. எது உழுந்துச்சு? உன் வேலதான் உழுந்து கெடக்குது, போ."

அவரைக் குறை சொல்ல முடியாது. பால் பாக்கெட்டைக் கூட வெடிக்குமோ என்று தள்ளி வைக்கிறவள் நான்.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி வந்தது. கட்டட வேலைப் பெண்கள் புயல் வெள்ளத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்டு எழுத ஒரு மேடம் வருவதாக மேஸ்திரி சொன்னார். சொன்னவர் எங்கள் எல்லாருக்கும் மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார். சும்மாடு வைத்துக் கலவைப் பாண்டு தூக்குகிற தலையில் ஹெல்மெட் எங்கே உட்காரும்? ஹெல்மெட் போட்டால் பாண்டு நிற்காது, பாண்டு வைத்தால் ஹெல்மெட் நிற்காது. என்னோடு வேலை செய்த அக்கா, நாலு பிள்ளை பெற்றவள், அதில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

மேடத்தை உட்கார வைக்கக் காய்ந்த இடம் வேண்டும். சைட்டில் ஒழுகாத இடம் சிமெண்டு குடோன் ஒன்றுதான். சிமெண்டுக்கு ஈரம் ஆகாது, அதனால் அதற்கு மட்டும் மேடு, பலகை, தார்ப்பாய் எல்லாம் உண்டு. குடோனைக் காலி செய்து நாற்காலி போட்டார்கள். அங்கிருந்த மூட்டைகளை எங்கள் தலையிலேயே ஏற்றி, எங்கள் கொட்டகையில் மதிலோரமாக அடுக்க வைத்தார் மேஸ்திரி. என் மகளின் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன்.

மேடம் நல்ல மாதிரி. எங்களோடு தரையில் உட்கார்ந்தார். மெதுவான தெலுங்கில், வெள்ளம் வந்தால் பெண்களாகிய நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அக்கா சொன்னாள்: "துணி புழிவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் மதிலைப் பற்றிச் சொன்னேன், பாயைப் பற்றியும் சொன்னேன். வாசலில் நின்ற மேஸ்திரி இருமினார். இருமல் முடியும்வரை காத்திருந்து மீதியையும் சொன்னேன்.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ரொம்ப முக்கியம்மா. அறிக்கையில் கட்டாயம் வரும்" என்றார்.

"எப்ப வரும் மேடம்?"

"அடுத்த வருசம்."

"அதுவரைக்கும் மழைய நிக்கச் சொல்லுங்க மேடம்" என்றாள் அக்கா. மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. கேட்டு எழுத வந்தவரிடம் செவுரை இடிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

மேடத்தை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய சைட் இஞ்சினியர் எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போனார். போனவர் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எவரு பெட்டாரு இக்கட? கோட ஒரிகிந்தி, கனபடலேதா?"

மதில் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா, யார் இங்கே சிமெண்டை வைத்தது என்று மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு மாதமாகக் காட்டிக்கொண்டிருந்த மதிலின் வயிறு, சிமெண்டு போய் நின்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே தூக்கு, குடோனுக்கே கொண்டு போ என்றார்.

தூக்கினோம். கடைசி மூட்டையை இறக்கியதும் நான் திரும்பி வந்து பாய், அடுப்பு, மகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். அக்கா ஹெல்மெட் வெங்காயத்தோடு பின்னால் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

"இன்னாம்மா இது, குடோன்ல குடும்பமா?" என்றார் மேஸ்திரி.

"சிமெண்டுக்கு ஆகாத எடம் எங்களுக்கு மட்டும் ஆவுமா மேஸ்திரி?" என்றேன். பயந்துகொண்டேதான் கேட்டேன். அவர் இஞ்சினியரைப் பார்த்தார். இஞ்சினியர் வானத்தைப் பார்த்தார். மழை பிடித்துக்கொண்டது.

மழை விடாத இரண்டாம் நாள், மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது மதில் விழுந்தது. தகரம் அப்பளமாகிவிட்டது. உள்ளே யாரும் இல்லை. என் மகள் குடோனில் மூட்டைமேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தாள்.

கொத்தனார்கள் கூடி வந்து பார்த்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உழும் உழும்னு சொல்லியே உழ வச்சுட்டியே. வாய் முகூர்த்தம்டி உனுக்கு." அன்றிலிருந்து சாரத்தில் ஏறுகிறவர்கள் என்னை வாய்மூடச் சொல்லிவிட்டு ஏறினார்கள்.

விசயம் கேள்விப்பட்டு மேடம் ஓடி வந்தார். முன்னாலேயே எப்படி எல்லாரையும் மாற்றினீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டார். "நம்ம சைட்ல லேடீஸ் சேப்டிதான் மொதல்ல மேடம்" என்றார் மேஸ்திரி. மேடம் அதையும் எழுதிக்கொண்டார். மேடம் வந்து நாங்கள் குடோனைக் காலி செய்ததால்தான் என் பிள்ளை பிழைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போட்டோவுக்கு ஹெல்மெட் தேடச் சொன்னார்கள்.

மழை விட்டதும் புது மதில் எழுப்பினோம். அதற்கும் பாண்டு தூக்கியது நாங்கள்தான். மதில் காய்ந்ததும் மேஸ்திரி கொட்டகையைப் பழைய இடத்திலேயே போட்டார். மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் மதில்.

"புது செவுரு. இப்ப இன்னா பயம் உனுக்கு?"

மழையில் நனைந்து கல்லாகிப் போன இரண்டு சிமெண்டு மூட்டை குடோனுக்கு வெளியே கிடந்தது. அக்காவும் நானும் அதைத் தூக்கி வந்து, கொட்டகையின் உள்ளே, வாசலில் நின்றால் கண்ணில் படுகிற மாதிரி மதிலோரம் வைத்தோம். மகளின் பாயை எதிர்ப்பக்கத் தகரத்தோரம் விரித்தேன்.

"கெட்டுப்போன மூட்டை எதுக்கு உனுக்கு?" என்றார் மேஸ்திரி.

"கெடக்கட்டும் மேஸ்திரி. இஞ்சினியர் இந்தப் பக்கம் போறப்ப எட்டிப் பார்ப்பாரு."