இரண்டு கண்ணாடிகளும் ஒரு கருட சேவையும்

அக்காவுக்கு இருதயம் பலவீனப்பட்டிருந்தது. அனல் படக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சித்திரை மாதத்தில் திருச்சிப் பக்கம் அனல் படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்தில், மேற்குச் சித்திரை வீதியில் எங்கள் வீடு. மேற்குப் பார்த்த வாசல். அக்கா படுத்திருந்த முன்னறை ஜன்னலில் பகல் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக இறங்கும். வெளியே மூங்கில் தட்டி கட்டியும் பிரயோஜனமில்லை. மரக்கதவைச் சாத்தினால் அறை இருட்டு, திறந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்கட்டு அறைக்கு மாற்றலாம் என்றால் அவள் சம்மதிக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. சிறு வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது வீட்டுப் பெண்கள் எல்லாரும் தேங்காய் பழத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். பெரியவர்கள் அவளை மட்டும் அங்கே நிற்க விட்டதில்லை. அந்தப் பெரியவர்கள் போன பிறகும் அவளாகவே வாசலுக்கு வருவதை விட்டுவிட்டாள். முப்பது வருஷமாக அவள் பெருமாளைச் சேவித்தது அந்த ஜன்னல் வழியாகத்தான்.

"இந்தக் கருட சேவையை மட்டும் பார்த்துடறேன்டா. அப்புறம் எங்க வேணா கொண்டு போட்டுக்கோ" என்றாள்.

நான் பொன்மலையில் ரயில்வே பட்டறையில் இயந்திரப் படம் வரைகிறவன். எங்கள் வெள்ளைக்காரத் துரை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் ஊரில் குளிர் தாங்காமல் சில வீடுகளில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவார்களாம். நடுவில் அகப்பட்ட காற்று அசையாமல் நின்றால் குளிர் உள்ளே வராதாம். குளிரைத் தடுக்கிற காற்று சூட்டைத் தடுக்காதா என்ன? எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் ஏறாது.

திருச்சிப் பெரிய கடைவீதியில் இரண்டு கண்ணாடிகளை வாங்கி, ஜட்காவில் மடியில் வைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. சுற்றிலும் மரச்சட்டம் வைத்து அடித்து, இண்டு இடுக்கெல்லாம் சுண்ணாம்புத் தூளில் எண்ணெய் பிசைந்து அடைத்தேன். ஓர் ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் நடுவிலிருக்கும் காற்று அசைந்துவிடும், செய்ததெல்லாம் வீண் என்பது என் கட்சி. அதனால் அந்த ஜன்னலைத் திறக்கவே முடியாது.

"என்ன ஸ்வாமி, அக்காவைக் கண்ணாடி பீரோவுக்குள்ள வச்சுட்டேளாமே" என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்தார். முதலில் தெருவிலிருந்தும், பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போயும், அவரைக் கண்ணாடியில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெளிக் கண்ணாடி சுட்டது. உள் கண்ணாடி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வாரக்கணக்கில் தூங்காமல் கிடந்த அக்கா, அன்று மத்தியானமே கண்ணயர்ந்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கருட சேவை அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் தட்டியைச் சுருட்டிக் கட்டினேன். வீதி முழுக்கக் கோலம். வாசலில் நின்ற எனக்குத் தெற்கு வீதிப் பக்கம் மேளம் கேட்க ஆரம்பித்தது. உள்ளே வந்து பார்த்தால், அக்கா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டேளா, அக்காவை எழுப்பட்டுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"வேண்டாம். டாக்டர் தூங்கச் சொல்லியிருக்கார். மேளம் கேட்டா அவளே எழுந்து உட்காருவா."

நான் அப்படிச் சொன்னதில் தப்பில்லை என்றே இன்றைக்கும் படுகிறது. மேளம் எவ்வளவு தூரத்தில் கேட்டாலும், எவ்வளவு அசந்து தூங்கினாலும், அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். முப்பது வருஷமாகப் பார்த்தது. அறைக்கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு எல்லாரும் வாசலுக்குப் போனோம்.

கருடன்மேல் பெருமாள் எங்கள் வாசலில் நின்றார். என் மனைவி தட்டை நீட்டினாள். எனக்குத் துளசி கிடைத்தது. அக்கா கண்ணாடிக்குப் பின்னால் கைகூப்பி உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பில் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் வடக்கு வீதிக்குத் திரும்பிய பிறகு உள்ளே வந்தேன். கதவு திறந்த சத்தத்தில்தான் அக்கா கண் விழித்தாள். முழங்கையை ஊன்றி எழுந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்னும் எழுந்தருளலையாடா பெருமாள்?"

"இன்னும் இல்லை, அக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகுதான் அவள் என் கையைப் பார்ப்பது தெரிந்தது. விரலிடுக்கில் துளசி இருந்தது. என் முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அடைத்து வைத்தது அனலை மட்டுமல்ல, மேளத்தையும்தான்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

"ரூம் ஜில்லுன்னுதான்டா இருக்கு. நன்னாத் தூங்கிட்டேன்" என்றாள்.

உளியை எடுத்துக்கொண்டு வந்தேன். அழுதுகொண்டேதான் சட்டங்களைப் பெயர்த்தேன். உள் கண்ணாடி முழுசாக வந்தது. வெளிக் கண்ணாடி விரிசல் விட்டுத் தெருவில் விழுந்து உடைந்தது. மற்ற நாள் புறப்பாடுகளை அவள் அந்த ஜன்னலிலிருந்து பார்த்தாள். கருட சேவை மறுபடி வருவதற்குள், ஆனி மாதத்திலேயே போய்விட்டாள்.

அன்று கண்ணாடி விழுந்ததும் வீதியின் அனல் அறைக்குள் வந்தது. அதோடு வடக்கு வீதியிலிருந்து மேளச் சத்தமும் வந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நான் விசிறியை எடுத்தேன்.

"விசிறாதேடா. சித்த சும்மா இரு, கேக்கறது" என்றாள்.

கைகூப்பியபடி உட்கார்ந்தாள். மேளம் கிழக்கு வீதிக்குத் திரும்பி, கேட்காமலே போகும்வரை அவள் கையைப் பிரிக்கவில்லை.