மூன்றாம் தடவை எரிந்த மஞ்சள் விளக்கு

டீச்சரின் கார் மூன்றாவது தடவையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, மெக்கானிக்கின் கால் வலியோடு தலைவலியும் சேர்ந்துகொண்டது. எந்த வண்டியின் நோயையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று அக்கம்பக்கத்தில் அவருக்கு 'டாக்டர்' என்று பேர். "ஊர் வண்டிக்கெல்லாம் டாக்டர், சொந்த முழங்காலுக்கு மட்டும் வைத்தியமில்ல" என்பாள் மனைவி. முப்பது வருஷம் சிமெண்டுத் தரையில் படுத்தெழுந்த உடம்பு.

"தம்பி, என்ஜின் விளக்கு மறுபடியும் எரியுது. இன்னிக்கு சிக்னல்ல திணறி அணைஞ்சே போச்சு. பின்னால ஒரே ஹாரன். தங்கச்சி வேற உள்ள இருந்தா."

தங்கைக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. ரிடையரான டீச்சருக்கு அழைத்துப்போய் வருவதே முழுநேர வேலையாகிவிட்டது.

"உக்காருங்க டீச்சர், பாத்துடலாம்."

முன்பும் இதையேதான் சொன்னார். முதல் தடவை ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். அடுத்த தடவை ஆக்சிஜன் சென்சாரை. பத்து நாள் தாங்கவில்லை.

ஸ்கேனரைச் சொருகினார். அதே பழைய கோளாறு எண்: காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. இந்தத் தடவை அவசரப்படாமல், என்ஜின் ஓட ஓடத் திரையைக் கவனித்தார். ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றின் அளவு சட்டென்று ஏற வேண்டும்; அது எறும்பு ஊர்வதுபோல் ஏறியது. காற்றை அளக்கும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார். திணறல் நின்றது; கோளாறு அந்த சென்சாரில்தான்.

சென்சாரைக் கழற்றினால், உள்ளிருந்த மெல்லிய கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு. ஏர் ஃபில்டரைத் திறந்தால் அதிலும் எண்ணெய் சொட்டியது. கழுவி, எண்ணெய் தடவிப் போடுகிற ஃபில்டர். மூன்று மாதத்துக்கு முன் கூட்டம் நெரிந்த ஒரு நாளில், அவரேதான் தாராளமாக ஊற்றி மாட்டியிருந்தார்.

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். சொல்லாவிட்டால் டீச்சருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பொய் சொன்னால் அதை நினைவில் வைத்துக்கொள்ளவும் தெம்பு வேண்டும்.

"தப்பு என்னோடது டீச்சர்" என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"கோபம் வருது தம்பி. கத்தத்தான் முடியல. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. வண்டி ஓடுமா?"

ஃபில்டரை மாற்றிவிட்டு, சென்சாரின் பிசுக்கை ஸ்பிரே அடித்துக் கழுவிக் காயவைத்துப் பார்த்தார். திரையில் காற்றின் அளவு கொஞ்சம் வேகமாக ஏறியது, போதவில்லை. புது சென்சார் வர இரண்டு நாளாகும். மூலையில் மச்சானுடைய கார், அதே மாடல், பிரேக் வேலைக்காக நின்றது. அதன் சென்சாரைக் கழற்றி டீச்சர் வண்டியில் மாட்டினார். காற்றின் அளவு துள்ளி ஏறியது. மேம்பாலத்தில் நாலு தடவை ஏறி இறங்கியும் விளக்கு எரியவில்லை.

"மச்சான், ரெண்டு நாள் பஸ்ல போயிடுங்க" என்றார் போனில்.

"நான் பிரேக்கு மட்டும்தானே பாக்கச் சொன்னேன்?"

"ஓடாத வண்டிக்கு எதுக்கு பிரேக்கு?"

புது சென்சார் வந்ததும் ஆஸ்பத்திரி வாசலுக்கே எடுத்துப் போனார். டீச்சர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வராமல் பக்கத்துத் திட்டில் காலை நீட்டி உட்கார்ந்தவர், தானும் கண்ணயர்ந்துவிட்டார்.

சிகிச்சை முடிந்து வந்த தங்கைதான் இருவரையும் எழுப்பினாள். "நல்லா இருக்கு! இங்க நோயாளி யாரு, நானா நீங்களா?"