அடுப்புக்காரரின் மூக்கு

அந்தக் குடியிருப்பின் எண்பது வீட்டிலும் அவருக்கு நீலண்ணன் என்றுதான் பெயர். தீ நீலமாக எரிய வேண்டும், மஞ்சள் தட்டினால் பர்னரில் அடைப்பு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்தாறு வருடமாகக் கேஸ் அடுப்பு பழுது பார்க்கிறார். தீயைக் கூட்டிக் குறைக்கிற திருகு இறுகினாலும் ட்யூப் வெடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. மனைவிக்கு மட்டும் தெரியும்.

"வெளிய மூச்சு விட்டுடாதீங்க. அப்புறம் நம்ம வீட்ல உலை கொதிக்காது" என்றாள்.

அவரும் விடவில்லை. கூப்பிட்ட வீட்டின் வாசல் தாண்டியதும் மூக்கைச் சுளித்து, "ஆமா, வாடை வருதே" என்பார். மற்றதைச் சோப்புத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கசிகிற இடத்தில் குமிழி கட்டும். குமிழிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

நான்காம் மாடி டீச்சரம்மா வீட்டிலும் அப்படித்தான். மூன்றாவது திருகின் அடியில் குமிழி கட்டியது. திருகுகளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினார்.

"இப்ப எரிச்சுக் காட்டறேன் பாருங்க" என்று லைட்டரை எடுத்தார்.

டீச்சரம்மா பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வீட்டையே கொளுத்தப் போறீங்களா? வாடை மூக்கைத் துளைக்குதேண்ணே!"

திருகுகளைத் திரும்பச் செருகியபோது ஓரத்துத் திருகு கை பட்டுக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தது. மின்விசிறி இரைச்சலில் கேஸ் சீறியது கேட்கவில்லை. டீச்சரம்மா சிலிண்டரை மூடினார், ஜன்னலைத் திறந்தார்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"சளிங்க."

"எத்தனை நாளா?"

ரெண்டு நாள் என்று சொல்லியிருக்கலாம். மனைவியாக இருந்தால் சொல்லியிருப்பாள். பாழாய்ப்போன வாய், "ரெண்டு வருஷமா" என்றது.

டீச்சரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் இவரும் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பார்.

"எல்லா வீட்லயும் குழந்தைங்க இருக்கேண்ணே. நான் எப்படிச் சொல்லாம இருக்கறது?"

"சொல்லுங்க."

வாடை போகும்வரை இருவரும் வெளியே மாடி நடையில் நின்றார்கள். போய்விட்டது என்பதையும் டீச்சரம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு நீலண்ணன் உள்ளே போய், ஒவ்வொரு மூட்டிலும் மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுப் பற்றவைத்தார். நன்றாகத்தான் எரிந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"நீலண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க! பால் பொங்கி ஊத்தி, பர்னர் ஒரு பக்கம் எரியவே மாட்டேங்குது. ஒரு எட்டு பாத்துட்டுப் போங்களேன்."

டீச்சரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேற ஆளை வரச் சொல்லுங்கம்மா."

"அடேயப்பா, பெரிய ஆளாயிட்டீங்க! இனிமே உங்களைப் பிடிக்கவே முடியாது போல!"

உதட்டை இழுத்துச் சிரித்துவைத்துவிட்டுப் படி இறங்கினார். மனைவியிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தபடி மூன்றாம் மாடிக்கு வருவதற்குள், மேலே எதிர்வீட்டு அம்மாவின் குரல் கேட்டது.

"ரெண்டு வருஷமாவா!"