முத்துலட்சுமியின் உயரம்

பிசியோதெரபி என்பது பிள்ளைகளின் காலை நீட்டி, நம்முடைய இடுப்பை ஒடித்துக்கொள்ளும் தொழில். இதே வேலையில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; படிக்கும்போதே உங்கள் கை இடுப்புக்குப் போயிருக்கும். நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். ஆறு மாதம் தொண்டு செய்ய ராஜபாளையம் வந்தேன். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சின்னப் பகல்நேரப் பள்ளி அது. ஜன்னலைத் திறந்தால் மலை. காலையில் அதன் மேல் மேகம் படுத்திருக்கும். பள்ளிக்கூடமும் பாதித் தூக்கத்தில் இருப்பது போலவே தோன்றும்.

முதல் நாள்

எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்போம். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். பாயில் படுத்திருந்த முத்துலட்சுமியிடம் அதையே கேட்டேன். எட்டு வயது. மூளை முடக்குவாதத்தால் இரண்டு கால்களும் ஒன்றோடொன்று பின்னி விறைத்திருக்கும். பேச்சில் மட்டும் ஒரு குறையும் கிடையாது.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முழங்காலைத் தளர்த்துங்கள்" என்று என் புத்தகத் தமிழில் சொன்னேன். பள்ளி உதவியாளர் மாரியம்மாள் அக்கா பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அக்கா, இவிய டிவிக்குள்ள இருந்தா வந்திருக்காவ?"

கோபுரம்

ஒருநாள் பிள்ளைகளை வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பிறவியிலேயே பார்வையில்லாத அருள், பத்து வயது, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தெருவெல்லாம் பால் சுண்டும் வாசனை. கோபுரம் எம்புட்டு உசரம் என்று கேட்டான். பதினொரு நிலை என்றேன். நிலைன்னா என்ன என்றான். ஒன்றன் மேல் ஒன்றாகப் பதினொரு வீடு என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு அது போதவில்லை.

அடிக்கல்லில் உள்ளங்கையை வைத்து, முகத்தைத் தூக்கியபடி அசையாமல் நின்றான். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். தெருச் சத்தம் மெல்ல எங்களைவிட்டு விலகிப் போனது. மேலே, வெகு மேலே, ஏதோ கீச்சிட்டது. அருள் சொன்னான்: "கிளி கத்துதுல்லா டீச்சர், அம்புட்டு உசரம்."

மதியத் தூக்கம்

விறைத்த தசைகள் தூக்கத்தில் இளகும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது வேறு. சாப்பிட்டபின் பிள்ளைகள் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். மலைக்காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கி வைத்தது. முத்துலட்சுமியின் கால்கள் தாமாகவே பிரிந்து, நேராகி, பாயில் நெகிழ்ந்து கிடந்தன. நான் காலை முழுக்க மன்றாடியும் கிடைக்காதது அது. பாதங்கள் இரண்டும் லேசாக அசைந்தன.

அவள் என் விரலைப் பிடித்தபடியே தூங்கியிருந்தாள். எனக்குக் கால் மரத்துப்போனது. எழப் பார்த்தேன். மாரியம்மாள் அக்கா குனிந்து என் காதருகே சொன்னார்: "எந்திரிக்காதிய. புள்ள இப்பத்தான் எங்கயோ நடந்து போய்க்கிட்டு இருக்கா."

வாய் தவறியது

அந்த மயக்கம் தெளியாமலே, சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த அம்மா செல்வியிடம், "உங்கள் மகள் கட்டாயம் நடப்பாள்" என்று சொல்லிவிட்டேன். நிற்கவைக்கும் மரச்சட்டத்தில் பிடிமானம் கொடுத்தால் கொஞ்ச நேரம் நிற்பாள்; அவ்வளவுதான் உண்மை. செல்வி அக்கா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தளவாய்புரம் பஸ் ஏறினார்.

கொடுக்கக்கூடாத வாக்கைக் கொடுத்துவிட்டு அந்த முகத்தைப் பார்க்கிற வேதனை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாரம் அவர் வரும் நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுவேன். கடைசியில் அவரை உட்காரவைத்து, நான் சொன்னது தவறு, அவள் நடக்க வாய்ப்பில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. செல்வி அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார். "அவ நடக்க மாட்டான்னு ரெண்டு வயசுலயே டாக்டர் சொல்லிட்டாவ. நீங்க அம்புட்டு ஆசையாச் சொல்லுதிய. உங்ககிட்ட அத எப்படிச் சொல்லன்னுதான் எனக்கு ஒரு வாரமா ரோசன."

நின்றபோது

நான் ஊர் திரும்பும் முன், ஆசாரியிடம் முத்துலட்சுமியின் அளவுக்குச் செய்து வாங்கிய, பெல்ட் வைத்த மரச்சட்டத்தை அவள் வீட்டுக்கே கொண்டுபோனோம். ஒற்றை அறை. ஓரமாகத் தையல் மெஷின், அதைச் சுற்றித் தைத்த நைட்டிகள். செல்வி அக்கா தரையில் உட்கார்ந்து நூல்பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். முத்துலட்சுமியைச் சட்டத்தில் நிறுத்தி, மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பெல்ட்டை மாட்டினேன். கால்கள் நடுங்கின. செத்த நேரத்தில் அடங்கின.

செல்வி அக்கா நிமிரவில்லை. கத்தரிக்கோல் மட்டும் நின்றுவிட்டது. ஜன்னல் வெளிச்சம் அவர் தலையில் விழுந்தது. பாயில் படுத்தே அம்மாவை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளை, முதல்முறையாக அந்தத் தலையைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஏம்மா, உச்சியில எம்புட்டு நரை. எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

பள்ளிக்கு எழுதிக்கொடுத்த கடைசி அறிக்கையில் "முத்துலட்சுமி, இருபது நிமிடம் நின்றாள்" என்று நிரப்பினேன்; நின்று என்ன பார்த்தாள் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.